ஏரி வந்தபோது திரும்பாத முகம்

புதிதாக மைக் பிடித்திருக்கும் பிள்ளைகளே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் நான் பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில்தான் குடியிருக்கிறேன். காலையில் பால் வாங்கப் போகும்போது காஞ்சிபுரம் போகிற சுற்றுலா வேன்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கிறேன். நீங்கள் ஏறுகிறீர்கள். டிரைவர் பக்கத்துச் சீட்டில் சாய்ந்துகொள்கிறீர்கள். முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடியே மைக்கில் "எல்லாருக்கும் காலை வணக்கம்" என்று ஆரம்பிக்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பால் பாக்கெட்டோடு வேனில் ஏறி, உங்கள் தோளைப் பிடித்துப் பின்பக்கம் திருப்பிவிடலாமா என்று கை துறுதுறுக்கும். வயசாகிவிட்டது என்று அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காபி போடுகிறேன்.

வழிகாட்டி சாலைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கவேண்டும். முதல் சீட்டின் கம்பியில் இடுப்பைச் சாய்த்து, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் மைக், முகம் ஜனங்களைப் பார்த்து. என்னைத் தொழிலில் பழக்கியவர் இதைத் தவிர வேறு எதையும் உருப்படியாகச் சொல்லித்தரவில்லை. பல்லவர் கதையெல்லாம் நானே படித்துக்கொண்டதுதான். நான் சாலைப் பக்கம் திரும்பினால் மட்டும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "காஞ்சிபுரம் எங்கயும் போயிடாதும்மா. வந்தவங்களப் பாரு" என்று எரிந்து விழுவார். ஆரம்பத்தில் எனக்கு வாந்தி வந்தது. பிறகு பழகிவிட்டது.

பழகின பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையில் போனால் கார் கம்பெனிக் கடைகள், கிடங்குகள், மறுபடி கிடங்குகள். ஓரிடத்தில் கிடங்குகளுக்கு நடுவே ஒரு பெரிய இடைவெளி விடும். இடது பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. எனக்கு அது முதுகுப் பக்கம் வந்து தோளைத் தாண்டிப் போய்விடும், நான் பார்ப்பதில்லை. நான் பார்ப்பது முகங்களை. முதலில் ஜன்னலோரத்துக் குழந்தை ஒன்று திரும்பும். அடுத்து அதன் அம்மா. வலது வரிசைக்காரர்கள் எழுந்து குனிந்து பார்ப்பார்கள். போனுக்குள் தலையை விட்டிருந்த ஆள்கூட நிமிர்வார். நல்ல மழை பெய்த வருஷமாக இருந்தால் தண்ணீரின் வெளிச்சம் அத்தனை முகத்திலும் ஏறும். வாய் லேசாகத் திறக்கும். தினமும் அவர்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர்தான், அதை மொத்தமாக ஒரே இடத்தில் பார்த்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. நானும் அந்த இடத்தில் மைக்கை இறக்கிவிடுவேன். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மனுஷ முகம் இப்படியும் ஆகுமா என்று ஒவ்வொரு தடவையும் வியந்துபோவேன்.

அந்த ஏரிக்கு ஒரு முகம் திரும்பாத நாளைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்தேன்.

ஆவடிக்கு அந்தப் பக்கம் வெள்ளானூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வயல் இருந்த இடத்தில் எழும்பியது. அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சங்கத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒருநாள் சுற்றுலா. சங்கச் செயலாளர் சிவகுமார் என்ற கோயம்புத்தூர்க்காரர். வேன் ஓட்டியது டில்லிபாபு. டில்லிக்குச் சொந்த ஊர் செம்பரம்பாக்கம், அப்பா காலம்வரை ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். இப்போது அந்த நிலத்தில் ஒரு கிடங்கு நிற்கிறது, அதைத் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடிப்பான். எதற்கு என்று கேட்டால் சிரிப்பான்.

நாங்கள் குடியிருப்பு வாசலுக்குப் போனபோது பெரியவர் ஒருவர் மட்டும் தயாராக நின்றிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம், கையில் கடிகாரம். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏழு மணிக்கு வண்டின்னா ஏழு மணிக்கு எடுத்துரணும்லாம்மா?"

"ஆளுங்க வரணுமே ஐயா."

"ஆளு வரட்டும்னு நின்னா வண்டி எந்தக் காலத்துல கெளம்பும்? நான் திருநெல்வேலி டிப்போவுல டைம் கீப்பரா இருந்தவன். அம்புட்டு வண்டியையும் டயத்துக்கு வெளிய அனுப்பி வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க."

மகள் கோமதி பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். அந்தக் குடியிருப்பில்தான் அவள் வீடு, அப்பா ஊரிலிருந்து அவளைப் பார்க்க வந்திருந்தார். "அப்பா ராத்திரி பூரா தூங்கல மேடம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. காஞ்சிபுரம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது?

வேனில் ஏறியதும் அவரே காரணத்தைச் சொன்னார். அவர் பெயர் வரதராஜன்.

"எங்கம்மாவுக்கு மூணு பிள்ளை தங்கலம்மா. காஞ்சிபுரம் வரதருக்கு நேந்துக்கிட்டா. நான் பொறந்து தங்கினேன். பேர வச்சிட்டா. கூட்டிட்டுப் போகணும், கூட்டிட்டுப் போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்து போய்ச் சேந்துட்டா. பொறவு எனக்கு டூட்டி, கல்யாணம், பிள்ளைங்க படிப்பு. எழுவது வயசாச்சு. ஊர் ஊருக்கு வண்டிய அனுப்பினேன், நான் ஒண்ணுலயும் ஏறல. அந்த மனுசன் பேர மட்டும் இத்தன வருசமா சொமந்துக்கிட்டு அலையுதேன். இன்னைக்கு ஆளப் பாத்துரணும்."

சிரித்ததற்காக எனக்குள்ளேயே வெட்கப்பட்டேன். "பாத்துடலாம் ஐயா" என்றேன். அப்படி ஒரு வாக்கு கொடுக்கிற அதிகாரம் நம் தொழிலில் யாருக்கும் கிடையாது. இருந்தாலும் வாயில் வந்துவிட்டது.

"நடை எப்பம் சாத்துவாவ?" என்றார்.

இந்தக் கேள்விதான் நம் பிழைப்பு. காஞ்சிபுரத்தில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். எனவே காலையில் எல்லா ஓட்டமும் நடை சாத்துவதற்குள் என்பதுதான். டீக்கு நிறுத்தினாலும், கழிப்பறைக்கு நிறுத்தினாலும், ஒரு குழந்தை அழுதாலும் நம் வாயில் வருவது "நடை சாத்திடுவாங்க, சீக்கிரம்". என் பேரனைச் சாப்பிட வைக்கக்கூட நான் அதைத்தான் சொல்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

அன்றைக்கு நேரம் சரியாகவே இல்லை. ஒரு குடும்பம் தாமதமாக இறங்கி வந்தது. பூந்தமல்லியில் காபிக்கு நிறுத்தினோம், போனவர்கள் போனவர்கள்தான். அந்த இடைவெளியை நிரப்ப என்னிடம் ஒரு சின்னக் கதை உண்டு. இந்த ஊரில் நம்பி என்று ஓர் அடியார் இருந்தார், இங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்து, மாலை கட்டி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு நடந்தே போவார், அங்கே வரதருக்குப் பூவைச் சாத்தி, விசிறி வீசிக்கொண்டே அவரோடு பேசிக்கொண்டிருப்பார் என்று ஆரம்பிப்பேன். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காபிக்குப் போனவர்கள் வந்துவிடுவார்கள். "சரி, எல்லாரும் வந்தாச்சா? கிளம்பலாம்" என்று கதையை அப்படியே விட்டுவிடுவேன். அதற்கு மீதி இருப்பது எனக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்றைக்கும் பாதியில்தான் விட்டேன்.

வேன் கிளம்பியதும் பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்தார்கள். ஒரே கூச்சல், கைதட்டல். நான் வழக்கம்போலச் சாலைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன். டில்லி ஹாரன் அடித்தான், அவன் அப்பா நிலத்தைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்துகொண்டேன். அடுத்தது ஏரி.

அந்த வருஷம் நல்ல மழை. கரை தொட்டுத் தண்ணீர். பாட்டு பாதியில் நின்றது. முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சிவகுமார் போனை எடுத்து, படம் பிடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கோமதி அப்பாவைத் தாண்டி ஜன்னலுக்குக் குனிந்தாள்.

வரதராஜன் ஐயா ஜன்னலோரச் சீட்டில் இருந்தார். இடது பக்கம்தான். அவர் கன்னத்தில் ஏரியின் வெளிச்சம் விழுந்திருந்தது. அவர் திரும்பவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னையும் அல்ல, எதையுமே அல்ல. ஏசி குளிரில் பக்கத்துச் சீட்டுப் பெண் துப்பட்டாவைப் போர்த்தியிருந்தாள். இவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

நான் மைக்கை வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"ஐயா, ஏரியைப் பாத்தீங்களா?"

"எந்த ஏரி?" என்றார்.

பிள்ளைகளே, மனுஷன் தூங்கும்போது ஏரியைப் பார்க்காமல் விடலாம். சண்டை போட்டுக்கொண்டிருந்தால் விடலாம். கண்ணைத் திறந்துகொண்டு, பக்கத்து ஜன்னல் பூராவும் தண்ணீராக இருக்க, எந்த ஏரி என்று கேட்ட முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்ன செய்யுது ஐயா?"

"ஒண்ணுஞ் செய்யல. வாயு. காலையில வடையத் தின்னேன்லா."

கோமதி அவர் நெஞ்சைத் தடவிவிட்டாள். "அப்பாவுக்கு அடிக்கடி வர்றதுதான் மேடம். சோடா குடிச்சா சரியாயிரும்."

சிவகுமார் எழுந்து வந்தார். மரியாதையான மனுஷன், சத்தம் போடவில்லை. "ஏனுங்க மேடம், ஸ்ரீபெரும்புதூர்ல நிறுத்தி ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்துரலாமுங்க. இப்பவே லேட்டுங்க. நடை சாத்திட்டா வேன்ல இருக்கற அத்தனை பேரும் வெயில்ல உக்காரோணும். கொழந்தைங்க இருக்குதுங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மகள் சொன்னதிலும் இல்லை. நோயாளியே ஒன்றுமில்லை என்கிறார். நான் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. என் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், ஒரு முகம் ஏரிக்குத் திரும்பவில்லை. அதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சொல்லி விளக்க நேரமும் இல்லை. ஒருவேளை வெறும் வாயுவாக இருந்தால், எழுபது வருஷம் காத்திருந்த மனுஷனை வாசல்வரை கூட்டிவந்து கெடுத்தவள் நான்தான்.

"டில்லி, திருப்பு. ஆஸ்பத்திரி."

"இன்னாக்கா, மெய்யாலுமா?"

"திருப்புடா."

அவன் கண்ணாடியில் ஒரு தடவை பெரியவரைப் பார்த்தான். அதற்கு மேல் கேட்கவில்லை. "வேலப்பன்சாவடில காலேஜ் ஆஸ்பத்திரி கீது. ஆம்புலன்ஸ கூப்ட்டுகினு நிக்கிறதுக்குள்ள நானே கொண்டும்போய் வுட்டுருவேன். அல்லாரும் கெட்டியா புட்ச்சிக்கங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த திருப்பத்தில் வண்டியை வளைத்தான்.

வண்டி வளைந்தது பெரியவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆயுசு பூரா பஸ்ஸை அனுப்பியவர் அல்லவா. என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஐஸாக இருந்தது.

"ஏம்மா, வேண்டாம்மா. அவர ஒரு தடவ பாத்துக்கிடுதேன். பொறவு நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வாரேன். கையெடுத்துக் கும்பிடுதேன்."

நான் டில்லியிடம் இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன். அவர் கையை விட்டார்.

"சாமி நடை சாத்தல. நீங்க சாத்திட்டிய" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். சாப்பாடு நன்றாக இல்லை என்று ஒருவர் என் மேலேயே மோரை ஊற்றியிருக்கிறார். எதுவும் இப்படி உள்ளே இறங்கியதில்லை.

மாரடைப்புத்தான். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. உள்ளே ஓடினார்கள், வெளியே ஓடினார்கள். கோமதி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "சோடா குடுத்தா சரியாயிரும்னு சொன்னேனே மேடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ரத்தக்குழாய் அடைப்பை எடுத்துவிட்டு வந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். "இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தீங்கன்னா எங்க கையில ஒண்ணும் இருந்திருக்காது" என்றாள். சிவகுமார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் அவர் மேல் கோபப்படவே இல்லை, அதையும் சொன்னேன்.

மீதிப் பேரை விட்டுவிட முடியாது, அதுவும் நம் தொழில்தான். கோமதியோடு அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணை இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். நாங்கள் போனபோது வரதர் கோயில் நடை சாத்தியிருந்தது. நூற்றுக்கால் மண்டபத்துப் பக்கம் நிழலில் உட்கார்ந்தோம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. மண்டபத்து மூலையில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குகிறதே, அதை நாம் ஒரு நிமிஷத்தில் காட்டிவிட்டு நடக்கவைப்போம். அன்றைக்கு அந்த ஜனங்கள் அதன் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண், "இத யாரு ஆன்ட்டி செஞ்சா? அவங்களுக்குக் கை வலிக்கலையா?" என்று கேட்டாள். பல்லவர் தலைநகரத்தில் அரசன் பெயரைத்தான் எல்லோரும் கேட்பார்கள். இப்படிக் கேட்டது அவள் ஒருத்திதான். நடை திறந்ததும் உள்ளே போய்ப் பார்த்தோம். சிவகுமார் கேட்டு வாங்கிய துளசியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து ஆஸ்பத்திரியில் கொடுத்தார்.

பெரியவர் பிழைத்துவிட்டார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். துளசி தலைமாட்டில் காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க" என்று ஒரு சொல். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோமதி வெளியே வந்து சொன்னாள். இனிமேல் படி ஏறக் கூடாது, கூட்ட நெரிசலில் நிற்கக் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். கொஞ்சம் தேறியதும் ரயிலில் படுக்க வைத்து ஊருக்குக் கூட்டிப்போவதாம். காஞ்சி வரதர் இருப்பதோ சின்ன மலைமேல். படியேறாமல் அவரைப் பார்க்க முடியாது. கூட்டமில்லாத நாளும் அங்கே கிடையாது.

உயிரைக் காப்பாற்றிவிட்டாய், அதற்குமேல் என்ன என்று எல்லோரும் சொன்னார்கள். டில்லிகூடச் சொன்னான். எனக்கு மனசு ஆறவில்லை. எழுபது வருஷ ஆசை, வாசலுக்குப் போகும் வழியில் நான் கை நீட்டித் தடுத்தது. நியாயமாகத்தான் தடுத்தேன். நியாயம் இருந்து என்ன, ராத்திரி படுத்தால் அந்தக் குளிர்ந்த கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள், அம்பத்தூரிலிருந்து வந்த வேறொரு கூட்டம். பூந்தமல்லியில் காபி. நான் வழக்கம்போல நம்பி கதையை எடுத்தேன். பூக்கூடை, நடை, விசிறி. அன்றைக்குக் காபிக்குப் போனவர்கள் வரவே இல்லை. கதையை நிறுத்த இடமில்லாமல் மேலே போனேன்.

"நம்பிக்கு வயசாச்சு. கால் விழுந்துபோச்சு. காஞ்சிபுரத்துக்குப் போக முடியல. கட்டின மாலையை மடியில வெச்சுக்கிட்டு இந்த ஊர்லயே உக்காந்து அழுதாரு. அப்ப காஞ்சிபுரத்துல இருந்த வரதர்..."

வாய் நின்றுவிட்டது. மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"இன்னாக்கா, மைக் பூட்ச்சா?" என்றான் டில்லி.

"டில்லி, இன்னிக்கு டிரிப் முடிஞ்சதும் வெள்ளானூர் போறோம்" என்றேன்.

மகள் வீட்டில் படுத்திருந்த பெரியவர் அன்றும் "வாங்க" என்று மட்டும்தான் சொன்னார். நாளை மறுநாள் அவருக்கு ரயில். பூந்தமல்லியில் ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது, படி ஏற வேண்டாம், சமதரைதான், அங்கேயும் வரதர்தான் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"கேட்ட சாமான் கடையில இல்லன்னா, இத எடுத்துக்கிடுங்க, இதுவும் அதே மாதிரிதான்னு சொல்லுவாம்லா, அப்படில்ல இருக்கு நீங்க சொல்லுதது."

"ஆமாங்க ஐயா, அப்படித்தான் இருக்கு" என்றேன். எனக்கும் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "புடிக்கலன்னா திரும்பி வந்துடலாம். நான் உங்க நடையச் சாத்தினவ. வேற ஒரு கதவத் தட்டிப் பாக்க விடுங்க."

அவர் மகளிடம், "ஏட்டி, நாளைக்கு அந்த வெள்ளச் சட்டைய எடுத்து வையி" என்றார்.

மறுநாள் டில்லி தன் மச்சானுடைய காரைக் கொண்டுவந்தான். வேன் படி உயரம், பெரியவருக்கு ஆகாது என்று அவனாகவே யோசித்திருக்கிறான். வழியெல்லாம் மெதுவாக ஓட்டினான். அவன் அப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். திரை போட்டிருந்தது. மண்டபத்துத் தூணில் அவரைச் சாய்த்து உட்கார வைத்தோம். ஜன நடமாட்டம் அதிகமில்லை. பூக்காரம்மா ஒருத்தி மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மைக் இல்லாமல், அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, நம்பி கதையை முதலிலிருந்து சொன்னேன். நான் முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

"...அவரால வர முடியலன்னு தெரிஞ்சு, காஞ்சிபுரத்துல இருந்த வரதரே பொறப்பட்டு, இந்த ஊருக்கு வந்து, நம்பி முன்னாடி நின்னுட்டாராம். இங்க இருக்கறது வேற பெருமாள் இல்ல ஐயா. வந்த பெருமாள்."

பெரியவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கினார். டைம் கீப்பர் புத்தி போகுமா?

"அவரு இங்க வந்துட்டாருன்னா, அப்பம் அங்க யாரு இருந்தா?"

எந்தக் கேள்விக்கும் ஒரு பதிலைத் தட்டிவிடுவதுதான் வழிகாட்டி வாய். அன்றைக்கு "தெரியலீங்க ஐயா" என்றேன்.

"வண்டி ஒண்ணு, ரூட்டு ரெண்டுன்னா டிப்போவுல நாங்க கெடந்து தவிப்போம்" என்றார். அவர் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு அப்புறம் நான் பார்த்த முதல் சிரிப்பு.

மணி அடித்தது. கோமதியும் டில்லியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை எழுப்பி நிறுத்தினார்கள். சன்னிதி வாசலுக்கு மெதுவாக நடந்தார். நான் வழக்கம்போல முன்னே போய், அவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கால் தடுக்கினால் பிடிக்கவேண்டுமே என்றுதான் நின்றேன். பொய் சொல்வானேன், முகத்தைப் பார்க்கவும்தான்.

எனக்குப் பின்னால் திரை விலகும் சத்தம் கேட்டது. கற்பூரம் ஏற்றினார்கள்.

அந்த முகத்தில் ஏரி வந்தது. எழுபது வருஷம் தாமதமாக வந்தது. வெளிச்சம் முதலில் கண்ணில் ஏறியது, பிறகு நெற்றியில், பிறகு வாய் திறந்தது. கை தானாகக் கும்பிட்டது. செம்பரம்பாக்கத்தில் ஆயிரம் முகங்களில் பார்த்ததை எல்லாம் சேர்த்தால்கூட அந்த ஒரு முகத்துக்கு ஆகாது. டில்லி பெரியவர் தோளைப் பிடித்தபடியே தேம்பினான். பெரியவர் அழவில்லை. வெகுநாள் தெரிந்த ஆளிடம் பேசுவதுபோல, மெதுவாக, "வந்துட்டீராய்யா" என்றார்.

எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். கற்பூர ஒளியில் அவர் புருவம் உயர்ந்தது.

"ஏம்மா, என்னைய என்னத்தப் பாக்கிய? அவரு இங்க வரைக்கும் வந்து நிக்காரு. நீங்க முதுகக் காட்டிக்கிட்டு நிக்கியளே."

எத்தனை வருஷமாக இந்தக் கோயில் தெருமுனையில் நின்று மைக் பிடித்திருக்கிறேன். காபிக்குப் போனவர்கள் வரும்வரை இவர் கதையைச் சொல்லிவிட்டு, இவரைத் தாண்டி இவரிடமே ஜனங்களைக் கூட்டிப்போயிருக்கிறேன்.

பெரியவர் டில்லியின் பிடியிலிருந்து ஒரு கையை விடுவித்து, என் தோளைத் தொட்டு, பிள்ளையைத் திருப்புவதுபோல மெதுவாகத் திருப்பினார்.

திரும்பினேன். பார்த்தேன்.